கிளச்சை மாற்றுமுன் கியர்பெட்டியை அறிக



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு மூன்றாவதாக ஒரு சோதனையும் உண்டு. மொழி முழுதும் வசப்படாத ஊரில், முன்பே இருவர் மூவர் ஓட்டிக் களைத்த மோட்டார் காரை வாங்கி, அதைப் பழுது பார்க்கக் கொடுத்துப் பார் என்பதே அது. அந்தச் சோதனையில் தேறியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. ஒருமுறை தோற்றவன், தோற்றதனால் சிறிது கற்றவன். அந்தச் சிறிதளவைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இன்றைய பேச்சின் பொருள் மிகச் சிறியது. காரின் கிளச்சு தேய்ந்து, புதிதாக ஒன்று போட வேண்டிய சமயத்தில், அந்தக் காரில் இருப்பது எந்த வகைக் கியர்பெட்டி என்பதை எவ்வாறு அறிவது என்பதே அது. கிளச்சுக்கும் கியர்பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். 1997-ஆம் ஆண்டில் நானும் அப்படித்தான் கேட்டேன்.

அப்பொழுது நான் கல்கத்தாவில் வேலை பார்த்து வந்தேன். லேக் மார்க்கெட்டுக்கு அருகே, நம்மவர் பலர் வாழும் பகுதியில் குடியிருந்தேன். சொந்தக் கார் ஒன்று வேண்டும் என்ற ஆசை என்னையும் விடவில்லை. 1986-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அம்பாசடர் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். வண்டி நன்றாகவே ஓடியது. அதில் ஐந்து கியர்கள் இருந்தன. கியர் போடும் கோல் தரையிலிருந்து எழுந்து நின்றது. என் அண்டை வீட்டாரின் அம்பாசடரில் நான்கு கியர்களே இருந்தன. கோல் ஸ்டீரிங் சக்கரத்தின் கீழே இருந்தது. இந்த வேறுபாட்டை நான் கண்டிருந்தேன். ஆனால் கண்டதைப் பற்றிச் சிந்திக்கவில்லை. என் வண்டி சற்று உயர்ந்த ரகம் போலும் என்று எண்ணி மனத்துக்குள் பெருமைப்பட்டதோடு சரி.

ஓராண்டு கழிந்தது. மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் இரைந்தது, வண்டி முன்னேறவில்லை. கருகிய நாற்றம் வேறு. கிளச்சு தேய்ந்துவிட்டது என்று தெருமுனையிலிருந்த மெக்கானிக் சொன்னார். பீகாரிலிருந்து வந்து அங்கே சிறிய கொட்டகை போட்டிருந்த மனிதர் அவர். கழற்றிப் பார்த்துவிட்டுச் சாமான் வாங்கலாம் என்று அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. சென்னையிலிருந்த என் மைத்துனருக்குத் தொலைபேசியில் சொல்லி, அம்பாசடர், 1986-ஆம் ஆண்டு, கிளச்சு ஒரு செட் என்று வாங்கி ரயில் பார்சலில் அனுப்பச் செய்தேன். நம் ஊர்க் கடையில், நம் மனிதர் வாங்கியது அல்லவா? அதில் தவறு இருக்கவே இருக்காது என்பது என் நம்பிக்கை.

பார்சல் வந்தது. மெக்கானிக் ஒரு பகல் முழுதும் உழைத்துக் கியர்பெட்டியை இறக்கினார். மாலையில் என்னை அழைத்து, நீங்கள் கொண்டுவந்தது இந்த வண்டிக்கு ஆகாது என்றார். எனக்குக் கோபம் பொங்கியது. தன் கடைச் சரக்கை விற்பதற்காகவே இந்த மனிதர் இப்படிச் சொல்லுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அரைகுறை இந்தியில், சொல்லத் தகாத சொல் ஒன்றையும் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. புதிய தகட்டைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். "மிலா கே தேகியே, பாபு" என்றார். அதாவது, நீங்களே பொருத்திப் பாருங்கள் என்றார்.

நான் குனிந்து பொருத்திப் பார்த்தேன். தகட்டின் நடுத்துளை, கியர்பெட்டியிலிருந்து நீண்டிருந்த தண்டில் ஏறவே மறுத்தது. ஏன் மறுத்தது என்பதை உணரவேண்டுமானால், கிளச்சு என்பது எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சிறிது பார்க்கவேண்டும்.

உங்கள் இரு உள்ளங்கைகளுக்கிடையே ஓர் அட்டையை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். கைகளைத் திருப்பினால் அட்டையும் உடன் திரும்பும். கைகளைச் சற்றே விலக்கினால், கைகள் திரும்பினாலும் அட்டை சும்மா நிற்கும். கிளச்சின் தத்துவம் இவ்வளவுதான். ஓர் உள்ளங்கை, எஞ்சினின் பின்புறத்தில் சுழலும் பிளைவீல் என்ற கனத்த சக்கரம். மற்றோர் உள்ளங்கை, அதன்மேல் போல்ட்டுகளால் முடுக்கப்பட்ட பிரஷர் பிளேட். இடையேயுள்ள அட்டைதான் கிளச்சு பிளேட் எனப்படும் உராய்வுத் தகடு. நாம் கிளச்சு மிதியை அழுத்தும்போது, ரிலீஸ் பேரிங் என்னும் உறுப்பு பிரஷர் பிளேட்டின் வில்லைத் தள்ளுகின்றது, கைகள் விலகுகின்றன, தகடு விடுபடுகின்றது. மிதியை விடும்போது மீண்டும் பிடிப்பு உண்டாகின்றது.

இப்பொழுது ஒன்றைக் கவனியுங்கள். பிளைவீலும் பிரஷர் பிளேட்டும் எஞ்சினைச் சேர்ந்தவை. ஆனால் நடுவிலுள்ள தகடு எஞ்சினைச் சேர்ந்ததன்று. அதன் நடுத்துளையின் உட்புறத்தில் வரிவரியாகப் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். கியர்பெட்டியின் முன்தண்டிலும் அதற்கேற்ற பற்கள் உண்டு. இவற்றை மெக்கானிக்குகள் ஸ்பிளைன் என்பார்கள். தகடு அந்தத் தண்டின்மேல் தடையின்றி முன்னும் பின்னும் நகர வேண்டும். ஆனால் தண்டைவிட்டுத் தனியே சுழலக்கூடாது. ஆகவே, கிளச்சு என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சம்பந்தி. எஞ்சின் வீட்டாரை மட்டும் விசாரித்துவிட்டுக் கியர்பெட்டி வீட்டாரை விசாரிக்காமல் சம்பந்தம் பேசினால் என்ன ஆகுமோ, அதுதான் எனக்கும் ஆயிற்று.

அம்பாசடர் காரின் வரலாற்றை அறிந்தவர்கள் இந்நேரம் காரணத்தை ஊகித்திருப்பார்கள். அந்தக் கார் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில், 1950-களின் இறுதியிலிருந்து 2014-ஆம் ஆண்டு மே மாதம் வரை செய்யப்பட்டது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரே அதற்கு மூலம். நெடுங்காலம் அதில் 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும் நான்கு கியர்ப் பெட்டியும் இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1,817 கன சென்டிமீட்டர் எஞ்சினும், அதனுடன் ஐந்து கியர்ப் பெட்டியும் வந்தன. வெளித்தோற்றத்தில் பெரிய மாறுதல் இல்லை. உள்ளே இருந்தவையோ இரு வேறு நாடுகளின் இயந்திரங்கள்.

என் வண்டியை முன்பு வைத்திருந்தவர், பழைய எஞ்சினையும் கியர்பெட்டியையும் எடுத்துவிட்டு, இந்தப் புதியவற்றைப் பொருத்தியிருந்தார். எஞ்சினை மாற்றியதற்கான குறிப்பு பதிவுப் புத்தகத்தின் ஓரத்தில் இருந்தது. அதை நான் படித்துப் பார்க்கவில்லை. கியர்பெட்டியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சென்னைக் கடைக்காரர் மீதும் குற்றமில்லை. 1986-ஆம் ஆண்டு அம்பாசடருக்கு என்று கேட்டேன். அந்த ஆண்டின் வண்டிக்கு உரியதையே அவர் கொடுத்தார். நான் கேட்ட கேள்விதான் தவறு. வண்டியின் பெயரையும் ஆண்டையும் சொன்னேனே தவிர, வண்டிக்குள் இருந்ததை நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பழைய தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, மெக்கானிக்கும் நானும் மல்லிக் பஜாருக்குச் சென்றோம். அதற்கு ஒத்த புதிய செட் அரை மணி நேரத்தில் கிடைத்தது. அதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, வண்டி எனக்கும் இதைச் சொல்லவில்லை, திறந்த பிறகுதான் சொல்லிற்று என்றார். இரண்டாம் முறை செய்த வேலைக்குத் தனிக் கூலி வாங்கவும் மறுத்துவிட்டார். பார்சல் கூலியும் மூன்று நாளும் எனக்கு நஷ்டம். அதைவிட, நேர்மையான ஒருவரைத் திருடர் என்று நினைத்த நினைவு இன்றும் உறுத்துகின்றது.

இது பழைய கார்களுக்கு மட்டும் உரிய தொல்லை, இக்காலத்துக் கார்களுக்கு இல்லை என்று எண்ணவேண்டாம். உண்மையில் இக்காலத்தில் இது மிகுந்திருக்கின்றது. ஒரே பெயருள்ள கார் பெட்ரோலிலும் டீசலிலும் வருகின்றது. ஐந்து கியரிலும் ஆறு கியரிலும் வருகின்றது. ஓர் ஆண்டின் நடுவிலேயே கியர்பெட்டியின் அமைப்பு மாறிவிடுவதுண்டு. ஒரே காருக்குக் கிளச்சைச் செய்து கொடுப்பவர்களும் ஒருவர் மட்டும் அல்லர்.

கியர்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தும், உள்ளமைப்பு அடியோடு வேறுபடுவதுண்டு. இதற்கு ஜெர்மனியின் போக்ஸ்வாகன் கோல்ப் கார் நல்ல எடுத்துக்காட்டு. 1991-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் தலைமுறைக் கோல்பில், சிறிய எஞ்சின்களோடு 020 என்ற ஐந்து கியர்ப் பெட்டியும், பெரிய எஞ்சின்களோடு 02ஏ என்ற ஐந்து கியர்ப் பெட்டியும் பொருத்தப்பட்டன. 1997-இல் வந்த அடுத்த தலைமுறையில் இவற்றின் வழித்தோன்றல்களாக 02கே, 02ஜே என்ற இரண்டும் இருந்தன. ஓட்டுபவர் கைக்கு இரண்டும் ஐந்து கியர்தான். ஆனால் 020, 02கே வகைகளில் கியர்பெட்டியின் முன்தண்டு குழல்போல் உள்ளே துளையுள்ளது. அதன் வழியே ஒரு மெல்லிய கோல் சென்று கிளச்சைத் தள்ளுகின்றது. ரிலீஸ் பேரிங் கியர்பெட்டியின் மறுகோடியில், ஒரு சிறு மூடிக்குள் இருக்கின்றது. இன்னும் வியப்பு என்னவென்றால், அவற்றில் பிரஷர் பிளேட்தான் எஞ்சினின் தண்டில் முதலில் முடுக்கப்படுகின்றது. பிளைவீல் அதன்மேல் வருகின்றது. மற்றைய வகையில் எல்லாம் வழக்கமான முறையே. ஒன்றுக்குரிய செட்டை மற்றொன்றில் பொருத்துவது நினைக்கவும் இயலாத செயல். ஆனால் இவற்றை அடையாளம் காண்பதற்குக் கியர்பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம். இடப்பக்கச் சக்கரத்தை நோக்கிய அதன் ஓரத்தில் அந்த வட்ட மூடி இருக்கின்றதா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தாலே போதும்.

அடையாளம் காண்பதற்குப் பெரும்பாலும் இத்தகைய எளிய வழி ஒன்று இருக்கும். தேடவேண்டும் என்ற எண்ணந்தான் நமக்கு வேண்டும். அந்தத் தேடலை நான்கு படிகளாகச் சொல்லுகின்றேன்.

முதற்படி, காகிதம். பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணும் சாசி எண்ணும் இருக்கும். கியர்பெட்டியின் எண் இராது. இதை மறக்கலாகாது. எனினும் அந்தச் சான்றிலுள்ள எஞ்சின் எண், வண்டியில் உள்ள எஞ்சினின்மேல் பொறித்த எண்ணோடு ஒத்திருக்கின்றதா என்று முதலில் பாருங்கள். ஒத்திராவிட்டால், எஞ்சினோடு கியர்பெட்டியும் மாறியிருக்கலாம் என்று ஐயுறவேண்டும். எஞ்சின் மாற்றம் போன்றவை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டு, சான்றில் குறிக்கப்பட வேண்டியவை என்பதையும் இங்கே நினைவூட்டுகின்றேன்.

இக்காலக் கார்களின் சாசி எண் பதினேழு எழுத்தும் இலக்கமும் கொண்டது. முதல் மூன்றும் அதைச் செய்த நிறுவனத்தைக் காட்டும். எம்.ஏ.3 என்று தொடங்கினால் அது மாருதி சுசூகி. இந்த எண்ணை முழுமையாகக் கொடுத்தால், நிறுவனத்தின் உதிரிப் பாகக் கடையில் அந்த வண்டி ஆலையிலிருந்து எந்தக் கியர்பெட்டியோடு வெளிவந்தது என்பதைப் பார்த்துச் சொல்ல இயலும். தொலைபேசியில் படித்துச் சொல்லும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தப் பதினேழு எழுத்து எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வாரா. ஓ போலத் தோன்றுவது பூச்சியமே. ஐ போலத் தோன்றுவது 1 என்ற இலக்கமே.

ஆனால் இந்த எண் சொல்வது வண்டி பிறந்த கதையைத்தான். வளர்ந்த கதையை அது அறியாது. ஆகவே இரண்டாம் படிக்குச் செல்லவேண்டும். அது கியர்பெட்டியே தாங்கி நிற்கும் குறி. பெரும்பாலான கியர்பெட்டிகளின் மேலோட்டில் அதன் வகையைக் குறிக்கும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அல்லது சிறு தகடு ஒன்றில், அல்லது ஒட்டிய சீட்டில் இருக்கும். எண்ணெயும் புழுதியும் படிந்து அது கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் துடைத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் எழுத்துகள் எழுந்து நிற்கும். கைத்தொலைபேசியால் படம் எடுத்துக்கொள்வது மேலும் நன்று. படம் மறதியின்றிப் பேசும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உலோகத்தை வார்க்கும்போதே மேலோட்டில் புடைத்து நிற்கும் எண் ஒன்று. பின்னர் உளிபோன்ற அச்சினால் பள்ளமாகப் பொறிக்கப்பட்ட குறி மற்றொன்று. புடைத்து நிற்பது ஓட்டின் எண். ஒரே ஓட்டுக்குள் பல வகைப் பற்சக்கரங்களை வைப்பதுண்டாகையால், அந்த எண் பல வகைகளுக்கும் பொதுவாக இருக்கக்கூடும். வகையைக் காட்டுவது பெரும்பாலும் பள்ளமாகப் பொறித்த குறியே. வீட்டுக்கதவின் மரத்தைப் பார்த்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்ல முடியுமா? அதைப் போன்றதே இதுவும்.

போக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற கார்களில் இந்தக் குறி எழுத்துகளாக அமைந்திருக்கும். அதே குறியை, எஞ்சினின் குறியோடு சேர்த்து, சர்வீஸ் புத்தகத்திலும், வண்டியின் பின்பெட்டியில் ஒட்டிய சீட்டிலும் காணலாம். சீட்டில் உள்ளதும் கியர்பெட்டியில் உள்ளதும் ஒன்றாயிருந்தால், ஆலையில் வைத்த கியர்பெட்டியின் வகையே இன்றும் இருக்கின்றது என்று நிம்மதி கொள்ளலாம். வேறாக இருந்தால், கியர்பெட்டியில் உள்ளதையே நம்பவேண்டும்.

மூன்றாம் படி, வெளியிலிருந்து காணும் அடையாளங்கள். எத்தனை கியர்கள்? ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம்? கிளச்சு மிதியிலிருந்து கம்பிவடம் செல்கின்றதா, எண்ணெய்க் குழாய் செல்கின்றதா? எண்ணெய்க் குழாயானால், அதன் கோடியிலுள்ள சிறு உருளை கியர்பெட்டிக்கு வெளியே தெரிகின்றதா, உள்ளே மறைந்திருக்கின்றதா? உள்ளே மறைந்திருந்தால், ரிலீஸ் பேரிங்கும் அந்த உருளையும் ஒரே உறுப்பாக இருக்கலாம். அதற்குத் தனியாகப் பணம் எடுத்துவைக்கவேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.

நான்காம் படி, கண்ணால் கண்டு கையால் அளப்பது. கியர்பெட்டியை இறக்கிய பின்னரே இது இயலும். தகட்டின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். நடுத்துளையிலுள்ள பற்களில் ஒன்றன்மேல் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு, அதிலிருந்து தொடங்கி ஒரு சுற்று எண்ணுங்கள். குறியிடாமல் எண்ணினால் இரு தடவை எண்ணி இரு விடை காண்பீர்கள். பற்களின் எண்ணிக்கை ஒன்றாயிருந்தும் தண்டின் பருமன் வேறுபடுவதுண்டு. ஆகவே பருமனையும் அளக்கவேண்டும். நடுப்பகுதி எந்தப் பக்கம் எவ்வளவு துருத்தியிருக்கின்றது என்பதையும் பாருங்கள்.

தகட்டின் நடுவைச் சுற்றி சிறு சுருள்வில்கள் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். எஞ்சினின் அதிர்வைத் தாங்குவதற்காக அவை வைக்கப்படுகின்றன. இக்கால டீசல் கார்கள் பலவற்றில் அந்த வில்களைப் பிளைவீலுக்குள்ளேயே வைத்து, பிளைவீலை இரண்டு அடுக்காகச் செய்திருக்கின்றார்கள். அத்தகைய பிளைவீலுக்கு உரிய தகடு ஒரு விதம். ஒற்றைப் பிளைவீலுக்கு உரிய தகடு மற்றொரு விதம். இடம் மாறிப் பொருத்தினால், பொருந்திவிட்டது போலவே தோன்றும். பிறகு அதிர்வும் கியர்பெட்டியில் கடகட ஒலியும் உண்டாகும். பொருந்தாத உறுப்பு நமக்கு நண்பன். அது உடனே சொல்லிவிடுகின்றது. பொருந்துவதுபோல் நடிக்கும் உறுப்புதான் நமக்குப் பகை.

கழற்றிய பழைய தகட்டை மாதிரியாக எடுத்துச் செல்வது நல்ல வழக்கம். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. முன்பு மாற்றியவர் தவறான தகட்டைப் போட்டிருந்தால், அந்தத் தவற்றையே நாமும் விலைகொடுத்து வாங்கிவருவோம். பழைய தகடு சாட்சி மட்டுமே. கியர்பெட்டியின் தண்டே நீதிபதி. புதிய தகட்டை அந்தத் தண்டின்மேல் கையாலேயே செருகிப் பார்த்து, அது இறுக்கமும் ஆட்டமும் இன்றி வழுக்கிச் செல்கின்றது என்று கண்ட பிறகே வண்டியில் ஏற்றவேண்டும். பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகளும் பிளைவீலின் துளைகளும் நேர்படுகின்றனவா என்பதையும் அப்பொழுதே பார்த்துவிடலாம். இதற்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் விட்டால் மீண்டும் ஒரு நாள் வேலை.

வாங்கும்போது தகடு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே தயாரிப்பாளரின் செட்டாக வாங்குவது நல்லது. கியர்பெட்டியை இறக்கும் கூலியே பெரும் செலவு. பேரிங்கின் விலையை மிச்சப்படுத்தப் போய் அந்தக் கூலியை இருமுறை கொடுப்பது சிக்கனம் ஆகாது. பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். எண்ணெய்க் கறை படிந்த சாமானைக் கடைக்காரர் திருப்பி வாங்கமாட்டார். ஆகவே பொருத்திப் பார்க்கும்போது கை சுத்தமாயிருக்கட்டும்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லவேண்டும். பழைய கிளச்சுத் தகடுகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அந்தத் தூள் மூச்சுடன் நுரையீரலில் சென்று தங்குமானால் பெருங்கேடு விளைவிக்கும். ஆகவே கொட்டகையில் காற்றுக் குழாயால் அந்தத் தூளை ஊதவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈரத் துணியால் துடைப்பதே தக்கது. பிள்ளைகளை அருகில் நிறுத்தவேண்டாம். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் படுக்கக்கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

தில்லியில் இருப்பவர்கள் காஷ்மீரி கேட்டுக்குச் செல்வீர்கள். பெங்களூரில் ஜே.சி. சாலை இருக்கின்றது. கல்கத்தாவில் மல்லிக் பஜார். அந்தந்த ஊரின் மொழி நமக்கு முழுதும் வராமல் இருக்கலாம். விலை பேசுவதில் நாம் தோற்கவும் கூடும். ஆனால் கியர்பெட்டியின் குறியை எழுதிய தாளும், பற்களின் எண்ணிக்கையும், மில்லிமீட்டரில் அளவும் கையில் இருந்தால், அவற்றுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. இலக்கங்கள் எல்லா மாநிலங்களிலும் ஒரே பொருளைத்தான் சொல்லுகின்றன.

அந்நிய ஊரில் வாழும் நமக்கு ஓர் இயல்பு உண்டு. நம் மொழி பேசுபவன் சொன்னால் சரி, பிறன் சொன்னால் சூது என்று மனம் முந்திக்கொள்ளும். அச்சத்தில் பிறக்கும் இயல்பு அது. அதை முழுதும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து, பொருளை நாமே அறிந்துகொள்வதுதான். வண்டியில் என்ன இருக்கின்றது என்பதை நான் அன்று அறிந்திருந்தால், அந்த மெக்கானிக் சொன்னது உண்மையா என்று அவர் முகத்தைப் பார்த்து ஆராய வேண்டிய தேவையே இருந்திராது. அறியாமல் இருந்தது நான்; பழி சுமந்தது அவர்.

உங்கள் காரின் கிளச்சு இன்று நன்றாகவே இருக்கலாம். இருந்தாலும் அடுத்த முறை எஞ்சின் எண்ணெய் மாற்றக் கொடுக்கும்போது, வண்டி உயர்த்தப்பட்டிருக்கும் அந்த வேளையில், கியர்பெட்டியின் குறியைத் துடைத்துப் பார்த்து ஒரு படம் எடுத்துவையுங்கள். அதை வண்டிக் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள். என்றேனும் ஒரு நாள், வீட்டிலிருந்து நெடுந்தூரத்தில், முன்பின் அறியாத ஒரு கொட்டகையின் வாயிலில் நிற்க நேர்ந்தால், அந்தத் துண்டுக் காகிதம் உங்களுக்கும் அங்கே கையில் கரியோடு நிற்கும் மனிதருக்கும் இடையே நல்லதொரு நட்பைத் தொடங்கிவைக்கும்.